அரிசி ரூம் கேசட்

எழுத்து எனக்குக் கொஞ்சம் தகராறுதான். மூணாங்கிளாஸோடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஆனால் மிஷின் எனக்குத் தகராறு கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆயா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாளைக்கு அதை ஒருத்தரும் நம்பவில்லை.

பாரிவாக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் அது. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான். நான் பெருக்குவேன், பானையில் தண்ணி ரொப்புவேன், மணி அடிப்பேன், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவேன். தலைமை ஆசிரியரை எல்லாரும் பெரிய சார் என்போம். அவர் ரூமில் ஒரு இரும்பு பீரோ. அதற்குள் சர்க்கார் கொடுத்த டேப் ரெக்கார்டர் ஒன்று, வந்த அட்டைப்பெட்டியோடே உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டு கேசட் போட்டுக் காட்டச் சொல்லி அனுப்பியதாம். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று பெரிய சார் அதைப் பூட்டி வைத்துவிட்டார். மேலே இருந்து யாராவது பார்வையிட வந்தால் அட்டைப்பெட்டியைக் காட்டுவார். பெட்டியைத் திறக்க மாட்டார். நான் பீரோவைத் துடைக்கப் போனால், "ஏம்மா, ஈரத்துணியோட அந்தப் பக்கம் போகாதே. அது உனக்குத் தெரியாத சாமான்" என்பார்.

எனக்குத் தெரியாத சாமானா!

ஆயா வேலைக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தவள். டேப் ரெக்கார்டர் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற கம்பெனி. நீளமான பெஞ்சு, இரண்டு பக்கமும் பொம்பளைங்க. என் கைக்கு வருவது கடைசி வேலை. ஸ்க்ரூ முடுக்கி, கேசட் போட்டு, ரெக்கார்டு பட்டனை அழுத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி, அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டு, சரியாக இருந்தால் மேலே சீட்டு ஒட்ட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என் குரலை நானே கேட்டேன். முதல் மாசம் சகிக்கவில்லை. கீச்சுக் கீச்சென்று யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. போகப்போக எனக்கே தெரிந்தது, எந்த எழுத்தை முழுங்குகிறேன், எங்கே அவசரப்படுகிறேன் என்று. யாரும் திருத்தாமலேயே திருந்தினேன். பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் துடைப்பம் எடுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்தார். மூணாங்கிளாஸையும் நாலாங்கிளாஸையும் ஒரே ரூமில் வைத்து நடத்த வேண்டும். ஆவடியிலிருந்து பஸ்ஸில் வருவார். சின்ன வயசு, கழுத்தில் மெல்லிசாக ஒரு சிலுவைச் செயின். அவர் பெரிய சாரிடம் நச்சரித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, அந்த டேப் ரெக்கார்டரை வெளியே எடுத்தார். முதல் நாளே அது பாட்டு கேசட்டின் நாடாவைக் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. டீச்சருக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன். மூடியைத் திறந்து, நாடாவை விரலால் மெதுவாக எடுத்து, ஒரு பிள்ளையிடம் பென்சில் வாங்கி ஓட்டையில் விட்டுச் சுற்றி, நாடா உரசுகிற ஹெட்டில் இருந்த தூசியைத் துடைத்து, பட்டனை அழுத்தினேன். பாட்டு வந்தது.

"அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?"

"இந்த மாதிரி எத்தினியோ பொட்டியில என் கொரலு போட்டுப் பாத்தவ டீச்சர் நானு. தெரியுமான்னு கேக்குறீங்களே."

அப்புறம்தான் அவர் மனசில் இருந்ததைச் சொன்னார். பாட்டுப் போடுவதற்காக மட்டும் அவர் அதை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரம் தான் என்ன கற்றுக்கொண்டது, எது புரிந்தது, எது புரியவில்லை என்று அதில் பேச வேண்டும். ஒரு மாசம் கழித்து அதே பிள்ளை தன் பேச்சைத் தானே கேட்க வேண்டும். எனக்கு உடனே பிடித்துப்போனது. பெஞ்சில் உட்கார்ந்து எட்டு வருஷம் நான் செய்தது அதுதானே.

முதல் வெள்ளிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. டீச்சர் மேஜையில் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மேலதிகாரி முன்னால் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார்கள். "வணக்கம். இந்த வாரம் நடத்திய பாடங்கள் அனைத்தும் எனக்கு நன்றாகப் புரிந்தன. நன்றி, வணக்கம்." அடுத்த பிள்ளையும் அதே. அதற்கடுத்த பிள்ளையும் அதே. 'அ'னாவுக்கும் 'ஆ'வன்னாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பயல், "அனைத்தும் நன்றாகப் புரிந்தன" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் போனான். போட்டுக் கேட்டபோது டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்க மூஞ்சியப் பாத்துகினு எந்தப் புள்ள டீச்சர் புரியலன்னு சொல்லும்? நீங்க இல்லாத எடத்துல பேச உடணும்."

"நான் இல்லாம யார் மிஷின் போடறது?"

"ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அரிசி ரூமில்தான் எல்லாம் நடந்தது. சத்துணவுக்கு வரும் அரிசி மூட்டைகளை அடுக்கிவைக்கிற ரூம். அங்கே பிளக் கிடையாது, பேட்டரிதான். பேட்டரி களைத்துப் போனால் மதில்மேல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவேன். இன்னும் இரண்டு நாள் ஓடும். நான் ஒரு மூட்டைமேல், எதிர் மூட்டைமேல் பிள்ளை, நடுவில் மிஷின். பெயர் எழுத எனக்கு நேரம் பிடிக்கும் என்பதால் ஆளுக்கொரு படம் வரையச் சொன்னேன். ஒருத்தனுக்குக் காக்கா, ஒருத்திக்கு ரிப்பன், ஒருத்தனுக்கு உடைந்த பல். மிஷினில் நாடா ஓட ஓட நம்பர் காட்டுகிற இடம் ஒன்று உண்டு. படத்துக்குப் பக்கத்தில் அந்த நம்பரை எழுதிவைத்துக்கொள்வேன். மாசக் கடைசியில் காக்கா எங்கே பேசியிருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன்.

ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் ஒன்றைச் சொல்வேன். "இது யார்கிட்டயும் கோள் சொல்லாது. நீ சொன்னத உனக்கே சொல்லும், அவ்ளோதான்."

அப்புறம் பாருங்கள், எப்படிப் பேசினார்கள்!

"ஆயாம்மா, டீச்சர் கரும்பலகைல எழுதறப்ப புரியுது. அவங்க அழிச்சதும் எனுக்கும் அழிஞ்சுபூடுது."

"படிக்கறப்ப எழுத்தெல்லாம் தெரியுது. ஆனா ஒண்ணுக்கூட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது."

நாலாங்கிளாஸில் ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பாவுக்குப் பூந்தமல்லியில் தையல் கடை. எதைக் கேட்டாலும் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருப்பாள். அவள் தனக்கு ஒரு கரண்டி வரைந்துகொண்டாள். அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பதினேழ அஞ்சால வகுத்தா மூணு, மீதி ரெண்டு. சரி. அந்த ரெண்டு இன்னா ஆவுது? அத யாருமே கேக்க மாட்டேன்றாங்க. மீதின்னு எழுதிட்டு பூடறாங்க."

எனக்கும் அதற்கு பதில் தெரியவில்லை. தெரியாது என்று அவளிடமே சொன்னேன்.

மாசக் கடைசியில் கரண்டியைப் போட்டுக் கேட்கவைத்தேன். அவள் குரல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேள்வி வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, மிஷினைப் பார்த்தே பதில் சொன்னாள். "ஏ லூசு, அந்த ரெண்டு எங்கயும் பூடல. சோறு வாங்க அஞ்சு அஞ்சு பேரா ஒக்கார வெக்கறாங்க இல்ல, கடைசில ரெண்டு பேரு தனியா நிக்கறாங்க இல்ல, அதான் அது. இன்னும் மூணு பேரு வந்தா அதுவும் ஒரு வரிசை ஆயிடும்."

நான் சொல்லித்தரவில்லை. டீச்சரும் சொல்லித்தரவில்லை. போன மாசத்து அவளுக்கு இந்த மாசத்து அவள் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு டீச்சரிடம் அவள் சம்மதத்தோடு அதைப் போட்டுக் காட்டினேன். டீச்சர் இரண்டு தரம் கேட்டார்.

அடுத்த வருஷம் நாலாங்கிளாஸ் பிள்ளைகள் அஞ்சாங்கிளாஸ் போனார்கள். அஞ்சாங்கிளாஸ் பெரிய சாருடையது. கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளை அடித்ததில்லை. ஆனால் ஓட்டர் லிஸ்ட் வேலை, ஆபீஸ் வேலை, இலவசச் சீருடைக் கணக்கு என்று வாரத்தில் பாதி நாள் அலைவார். மீதி நாள் களைப்பாக வந்து, கரும்பலகையில் ஒரு பக்கம் எழுதிப்போட்டு, "பார்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குள் தலையைக் கொடுத்துவிடுவார். பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை பழகிப்போயிருந்ததே, அவர்களாகவே வந்து அரிசி ரூம் வாசலில் நின்றார்கள். "ஆயாம்மா, எங்களுக்கும் போடு."

போட்டேன். ஏன் போடக்கூடாது?

கரண்டிதான் முதலில் உட்கார்ந்தாள். "இந்த மாசம் புரிஞ்சது ஒண்ணும் இல்ல. புரியாததும் ஒண்ணும் இல்ல. ஏன்னா நடத்தவே இல்ல." அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அவரவர் வழியில் அதையேதான் சொன்னார்கள். "பின்னம்னு தலைப்பு எழுதினோம். கீழ கோடு போட்டோம். அவ்ளோதான் ஆயாம்மா." "அடுத்த வருசம் பெரிய ஸ்கூலுக்கு போவணும். அங்க கேட்டா இன்னா சொல்றது?" கடைசியாகக் கேட்டவன் அழுதேவிட்டான்.

அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாகப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது, ரெக்கார்டு பட்டன் கீழே இறங்காது. கம்பெனியில் கற்றுக்கொண்டது. ஒரு கொண்டை ஊசி எடுத்து இரண்டு பல்லையும் நெம்பி எடுத்தேன். இந்தப் பேச்சு அழியக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் செய்துவிடுவேன்.

அடுத்த மாசம் கேட்கிற நாளில் பிள்ளைகள் சத்தமாகக் கேட்டார்கள். மூட்டை எண்ண வந்த பெரிய சார் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு பையன் வந்து, சார் கேட்டாரென்று மிஷினைக் கேசட்டோடு வாங்கிப் போனான்; பின்னாலேயே எனக்கும் ஆள் வந்தது. போனபோது மிஷின் அவர் மேஜையில் இருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு ரெக்கார்டு பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பட்டன் இறங்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

"மிஷினைக் கெடுத்துட்டியா? இதுக்கு யார் பதில் சொல்றது?"

"மிஷினு நல்லாத்தான் கீது சார். கேசட்டு பல்லத்தான் நான் ஒடச்சேன். அத அழிக்க முடியாது."

அவர் மேஜை அறையை இழுத்து ஒரு காகிதத்தை எடுத்து மேலே வைத்தார். எனக்கு அது என்னவென்று தெரியும். என்னை பர்மனென்ட் ஆக்கக் கேட்டு டீச்சர் எழுதிக்கொடுத்து நான் கையெழுத்துப் போட்ட மனு. அவர் சிபாரிசு எழுதினால்தான் ஆபீசுக்குப் போகும். அதுவரைக்கும் நான் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய ஆள்.

"வர்ற வாரம் இன்ஸ்பெக்ஷன். இந்த கேசட் இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கக்கூடாது. எப்படி அழிக்கணும்னு உனக்குத் தெரியும். நீ அழி. நான் இதுல கையெழுத்துப் போடறேன்."

"வழி கீது சார். பல்லு போன ஓட்டமேல ஒரு துண்டுக் காயிதம் ஒட்டினா பட்டன் எறங்கும். ஆனா ஒட்டறது நான் இல்ல. அது புள்ளைங்க பேச்சு. கோள் சொல்லாதுன்னு அவங்களுக்கு வாக்கு குடுத்து வாங்கினது. அதுங்க அழின்னா அழிக்கறேன்."

"ஏம்மா, உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

வேண்டாம் என்று சொன்னேன் என்று நினைக்காதீர்கள். நான் ஒன்றும் துறவி இல்லை. வேணும் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வா, இப்பவே கேளு" என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு அஞ்சாங்கிளாஸுக்கு நடந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான் வாசற்படியிலேயே நின்று கேட்டேன். "புள்ளைங்களா, போன மாசம் நீங்க பேசினத சார் அழிக்கச் சொல்றாரு. ஒங்க பேச்சு அது. அழிச்சுடட்டுமா?"

கரண்டி கையைத் தூக்கினாள்.

"அழிச்சுடு ஆயாம்மா."

பெரிய சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்கிற மாதிரி. ஆனால் அவள் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

"அது போன மாசத்துது. இந்த மாசமும் அதேதான் சார். வெள்ளிக்கிழம மறுபடியும் பேசிக்கறோம்."

கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். பின்பெஞ்சில் ஒரு பயல் சிரித்தான். இன்னொருத்தன் அவன் வாயைப் பொத்தினான். பெரிய சார் மிஷினை மேஜைமேல் வைத்தார். கரும்பலகைப் பக்கம் திரும்பி, சாக்பீஸ் எடுத்து, 'பின்னம்' என்று எழுதினார். கீழே கோடு போட்டார். நிற்காமல் ஒரு வட்டம் வரைந்து அதை நாலாகப் பிரித்தார்.

மத்தியான மணி அடிக்கிற வரைக்கும் நடத்தினார். மறுநாளும் நடத்தினார். கோவத்தில்தான் நடத்தினார், எனக்குத் தெரியும், சாக்பீஸ் இரண்டு மூன்றாக உடைந்தது. நடத்தினாரா இல்லையா? இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் அஞ்சாங்கிளாஸில் பின்னம் கேட்டார், பாதிப் பேர் சொன்னார்கள். டேப் ரெக்கார்டரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

கேசட்டை எடுத்துவந்து அரிசி ரூமிலேயே வைத்தேன், அழி என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் நிற்கவில்லை. பெரிய சார் அதைப் பற்றி மறுபடி வாயைத் திறக்கவில்லை. என் மனுவைப் பற்றியும் திறக்கவில்லை. அது மேஜை அறைக்கே திரும்பிப் போய்விட்டது.

டீச்சர்தான் அழுதார். "அக்கா, நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா?"

"நீங்க எதுக்கு கேக்கணும்? நானே கேக்கல."

வீட்டில் என் புருஷன், "ஒரு பட்டன அமுக்கறதுக்கு இன்னாடி இவ்ளோ வீம்பு?" என்றார்.

"அமுக்கத் தெரிஞ்சவதான் நானு. யாரு சொன்னா அமுக்கணும்ன்றதையும் நான்தான் பாத்துக்கணும்" என்றேன். அவர் அன்றைக்குப் பூரா என்னோடு பேசவில்லை. சாப்பிட மட்டும் சாப்பிட்டார்.

அப்புறம் நாலு வருஷம். கரண்டியும் அவள் கூட்டமும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. நான் அதே பானை, அதே மணி. பெரிய சார் ரிடையர் ஆகிற வாரத்தில் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையெல்லாம் காலியாக இருந்தது. என் மனு மட்டும் நடுவில் இருந்தது, ஓரமெல்லாம் மஞ்சளாகி. நான் எதிரே நிற்கும்போதே சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து அவருக்கு. நானே கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. வயசு வரம்பு தாண்டிவிட்டதாம்.

ரிடையர் ஆன பிறகு ஏதோ சீட்டு வாங்க பெரிய சார் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். திரும்பி வந்த மனுவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். நான் டீ வாங்கி வந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அவருக்கு நாற்காலி. நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம்.

"அன்னைக்கே நீ அதை அழிச்சிருக்கலாம்மா" என்றார்.

"அன்னிக்கே நீங்க நடத்தியிருக்கலாம் சார்" என்றேன்.

அவர் டம்ளரை எடுத்து, ஊதி, குடித்தார்.